பாலைவனத்தில் கைவிடப்பட்ட ஊர்களும் அங்கே குடியிருக்கும் விலங்குகளும்: படம் எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனுஷர் விட்டுப் போன ஊருக்கு விலங்குகள் எதற்கு வர வேண்டும்?

முதல் காரணம் நிழல். பாலைவனத்தில் நிழல்தான் சொத்து. மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில் ஒரு பழைய சுவர் நின்றால் போதும், காலையில் பல்லி அதன் கிழக்குப் பக்கம் குளிர் காயும், வெயில் ஏறினால் அதே சுவரின் விரிசலுக்குள் போய்விடும். கூரைக்கு அடியில் குருவி கூடு கட்டும். பலகைத் தரைக்குக் கீழே எலி வளை போடும், எலி இருந்தால் பாம்பும் ஆந்தையும் வரும், அப்புறம் நரியும் ராத்திரியில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். ஆள் போனதும் ஊர் காலியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் குடித்தனக்காரர்கள்தான் மாறியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் படமும் வேறு மாதிரி வரும், நடந்துகொள்ளும் விதமும் மாறும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை ஒட்டித்தான் இருக்கும்.

எந்த ஊர்களுக்குப் போகலாம்?

நமீபியாவின் கோல்மான்ஸ்கோப் எனக்கு முதலிடம். 1908-ல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி கையில் ஒரு வைரம் கிடைத்தது, அதிலிருந்து ஊர் முளைத்தது, மருத்துவமனை, நடன அரங்கு என்று எல்லாம் வந்தது. பிறகு தெற்கே இன்னும் பெரிய வைர வயல்கள் கிடைத்ததும் ஜனங்கள் அங்கே போய்விட்டார்கள். 1950-களின் நடுவில் ஊர் முழுதாகக் காலி. இப்போது வீடுகளுக்குள் இடுப்பளவு மணல் ஏறிக் கிடக்கிறது. வைரத் தொழிலுக்காகத் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இருப்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. சூரிய உதயத்துக்கே உள்ளே போக வேண்டும் என்றால் படம் எடுப்பவர்களுக்கென்று தனி அனுமதிச் சீட்டு உண்டு, அதை வாங்குங்கள், பகல் நேரச் சீட்டில் நல்ல வெளிச்சம் கைக்குக் கிடைக்காது.

அமெரிக்காவின் நெவாடாவில் பீட்டி என்ற சிற்றூரை ஒட்டி ரயோலைட் இருக்கிறது. 1904-ல் பக்கத்துக் குன்றுகளில் தங்கம் கிடைத்தது, அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள், மூன்று மாடி வங்கி எழுந்தது, 1916-ல் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஒரு ஊரின் முழு வாழ்க்கையும் பன்னிரண்டு வருடத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த வங்கியின் எலும்புக்கூடு இன்னும் நிற்கிறது, காலி பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீடும் இருக்கிறது. ஊரைச் சுற்றி காட்டுக் கழுதைகள் மேயும். அவை இந்த மண்ணின் பிராணிகள் இல்லை, தங்கம் தேடி வந்தவர்கள் சுமை தூக்கக் கொண்டுவந்து, பிழைப்பு முடிந்ததும் அவிழ்த்துவிட்டுப் போன கழுதைகளின் வம்சம். அதனால்தான் இடிந்த சுவருக்கு முன்னால் ஒரு கழுதை நிற்கும் படம் அந்த ஊரின் கதையை அப்படியே சொல்லிவிடும்.

கலிஃபோர்னியாவின் போடி கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேலே வறண்ட மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர். 1962-லிருந்து மாநில வரலாற்றுப் பூங்கா. கட்டடங்களைப் புதுப்பிக்காமல், மேலும் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள், மேஜை நாற்காலி எல்லாம் விட்டுப் போன இடத்திலேயே இருக்கின்றன.

ராஜஸ்தானில் ஜெய்சல்மர் பக்கத்தில் உள்ள குல்தாரா பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப் போன கிராமம். ஒரே இரவில் ஊரே கிளம்பியது, சாபம் விட்டார்கள் என்று கதை சொல்வார்கள். தண்ணீர்ப் பஞ்சம்தான் விரட்டியிருக்கும் என்பது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஊருக்குள் இருப்பதைவிட வெளியே திறந்தவெளியில் பாலைவன நரியும் சிங்காரா மானும் கண்ணில் படும்.

சிலியின் அட்டகாமாவில் ஹம்பர்ஸ்டோன் என்ற வெடியுப்பு ஆலை ஊர் 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஊர் அற்புதம், ஆனால் அங்கே விலங்குகளை நம்பிப் போகாதீர்கள். உலகிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று அது, எலிக்குக்கூடச் சாப்பாடு இல்லாத இடத்தில் மற்றது எப்படி வரும்?

எந்த மாதம், எந்த நேரம்?

குளிர்ந்த மாதங்கள். தார் பாலைவனம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நெவாடா பக்கம் மார்ச், ஏப்ரல் அருமை, பாம்பு பல்லி எல்லாம் தூக்கம் கலைந்து வெளியே வரும் நேரம், பூவும் இருக்கும். கோடையில் அந்தப் பக்கமே போக வேண்டாம். ரயோலைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டெத் வேலியில்தான் 1913 ஜூலை 10-ம் தேதி 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது, உலக சாதனை இன்னும் அதுதான். போடி மட்டும் நேர்மாறு, குளிர்காலத்தில் பனி விழுந்து சாலை மூடிவிடும், கோடையில்தான் போக முடியும்.

நேரம் என்றால் விடியலுக்கு அரை மணி முன்னால் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் தரை சூடாகிக் கானல் எழும்பிவிடும், நீளமான லென்ஸில் அது நன்றாகத் தெரியும், எத்தனை கூர்மையாக ஃபோகஸ் செய்தாலும் படம் நெளிந்துதான் இருக்கும். லென்ஸ்மேல் குறை இல்லை, காற்றுதான் அப்படி. அந்த நேரத்தில் கட்டடங்களின் உட்புறத்தை எடுங்கள், அல்லது தூங்குங்கள்.

எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலானோர் நேராக லென்ஸ் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மணலைப் படியுங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது வாசற்படி மணலில் ஒவ்வொரு தடமும் நிழலோடு எழுந்து நிற்கும். இரண்டு வரிசையாகப் புள்ளி புள்ளியாகப் போனால் வண்டு. நடுவில் ஒரு மெல்லிய கோடு இழுத்துக்கொண்டு இரு பக்கமும் குட்டிக் கால்கள் என்றால் வாலை இழுத்துப் போன பல்லி. ஒன்றன் பின் ஒன்றாக, கிட்டத்தட்ட நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போகும் சிறிய பாதங்கள் நரியுடையவை, அது சும்மா திரிவதில்லை, ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தெரிந்த வழியில் போகிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்வாக அடுக்கிய கோடுகள் இருந்தால், பக்கவாட்டில் உந்திப் போகும் விரியன் வகைப் பாம்பு அந்த வழியாகப் போயிருக்கிறது, எங்கே போயிருக்கிறது என்று தேடிப் பின்னாலேயே போக வேண்டாம். மதியக் காற்று அடித்தால் இத்தனையும் அழிந்துவிடும், அதனால் மறுநாள் காலையில் பார்க்கும் தடங்கள் எல்லாம் நேற்று ராத்திரியின் புதுத் தடங்கள். இரண்டு மூன்று காலை தொடர்ந்து பார்த்தால் யார் எந்த வழியில் வருகிறார்கள் என்று பிடிபட்டுவிடும்.

அடுத்தது சுவரைப் பாருங்கள். உத்தரத்துக்குக் கீழே சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் இருந்து, தரையில் கட்டை விரல் அளவுக்குச் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தால் மேலே கூகை இருக்கிறது. அந்த உருண்டை எச்சம் இல்லை, கூகை விழுங்கிச் செரிக்காததைத் திரும்பக் கக்கியது, காய்ந்ததைக் குச்சியால் பிரித்தால் மயிருக்குள்ளே எலியின் மண்டையோடு, மஞ்சளான முன் பற்களோடு முழுசாக இருக்கும். ஈரமாகக் கருத்துப் பளபளப்பாக இருந்தால் புதியது, அதாவது பறவை இப்போது உங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது. சத்தம் போடாமல் வெளியே வந்து, அந்தி நேரத்தில் அது வெளியேறும் ஜன்னலுக்கு எதிரே தள்ளி உட்காருங்கள்.

சுவர் ஓரத்தில் வளை இருந்தால், அதன் வாய் மண்ணால் அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலி பகலில் ஈரப்பதம் போகாமலிருக்க வளையை உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்காமலே, தின்கிற விதையிலிருந்து உடம்பு தானே உண்டாக்கும் நீரை வைத்து வாழும் பிராணி அது. அடைத்த வளை காலி வளை என்று மிதித்துவிடாதீர்கள்.

என்ன லென்ஸ் வேண்டும்?

அகலமான காட்சியைப் பிடிக்கும் ஒரு வைட் ஆங்கிள், தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் ஒரு 100–400 மி.மீ. அல்லது 150–600 மி.மீ. ஜூம். இதற்கு மேல் சுமக்க வேண்டாம். ஓடும் விலங்குக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி, பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடி வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் அளவு) ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுங்கள். பல்லியை எடுக்கும்போது தரையில் படுத்து அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள், நின்றுகொண்டு எடுத்தால் எல்லாப் பல்லியும் ஒரே மாதிரிதான் இருக்கும். அறைக்குள் எடுக்கும்போது ஜன்னல் வெளுத்து, மூலை கருத்துவிடும், அதற்கு ஒரே காட்சியை மூன்று நான்கு வெளிச்ச அளவில் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஊரும் விலங்கும் ஒரே படத்தில் வர என்ன செய்வது?

பொறுமையும், விலங்கு கடக்கும்போது தானே படம் எடுத்துக்கொள்ளும் கேமரா டிராப்பும். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2025-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம். தென்னாப்பிரிக்கரான விம் வான் டென் ஹீவர் கோல்மான்ஸ்கோப்பில் ஒரு பழுப்புக் கழுதைப்புலியை எடுத்தார். உலகில் உள்ள கழுதைப்புலி வகைகளில் மிக அரியது, ராத்திரியில் தனியாகத் திரிவது. அவர் முதலில் பார்த்தது அதன் தடத்தைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் முயன்றிருக்கிறார். இடிந்த வீட்டின் முன்னால் அந்த விலங்கு நிற்பதைப் பார்த்தால் வீட்டுக்காரர் யார் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

நீளமான லென்ஸில் விலங்கை மட்டும் பெரிதாக எடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஊர்களில் அதை விட்டுவிடுங்கள். அப்படி எடுத்த நரி எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். கதவு, ஜன்னல், சுவர்த் துண்டு ஏதாவது ஒன்று படத்துக்குள் இருக்கட்டும், விலங்கு சின்னதாக வந்தாலும் பரவாயில்லை.

கேமரா டிராப் எப்படி வைப்பது?

முதலில் இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அனுமதி. அப்புறம் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்: அது பின்னணிக்கும் விலங்கின் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைத்தான் உணர்கிறது. பாலைவனப் பகலில் தரையும் விலங்கும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் விலங்கு கண் எதிரே போனாலும் கேமரா சும்மா இருக்கும், வெயிலில் காய்ந்த புதர் காற்றில் ஆடினால் வெறும் புதராக நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளும். அதனால் புதரை ஒட்டி வைக்க வேண்டாம், இரவுக்கு மட்டும் நம்புங்கள். விலங்கு கேமராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே கடந்தால் சென்சார் நன்றாகப் பிடிக்கும், தடம் பார்த்த வாசற்படிக்குப் பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் வைப்பது சரியாக இருக்கும். பழைய சுவரில் ஆணி அடிக்காதீர்கள், சின்ன டிரைபாடும் மணல் பையும் போதும்.

பழைய சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

கூடாது. பாதி இருட்டில் காலுக்குக் கீழே செங்குத்துக் குழி இருக்கும், அழுகிய பலகை அதை மூடியிருக்கும். ஆக்ஸிஜன் இல்லாத காற்று தேங்கிக் கிடக்கும், அதற்கு வாசனை கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. பழைய டைனமைட் கசிந்து கிடந்தால் தொட்டாலே வெடிக்கும். உள்ளே வௌவால்கள் குளிர்காலத் தூக்கத்தில் இருந்தால் நீங்கள் ஒருமுறை எழுப்புவதே அவற்றின் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து, வசந்தம்வரை தாங்காமல் செய்துவிடும். பல சுரங்க வாய்களில் வௌவால் மட்டும் போய்வரும்படி கம்பிக் கதவு போட்டிருப்பது இரண்டு உயிருக்கும் சேர்த்துத்தான். அந்தியில் வெளியே நின்று, அவை கிளம்பும்போது எடுங்கள்.

கட்டடங்களுக்குள்?

அனுமதி இருந்து, தரை உறுதியாக இருந்தால் போகலாம். மரத் தரை என்றால் வாசலோடு நில்லுங்கள். அமெரிக்க நாடுகளில் எலி எச்சத்திலிருந்து ஹன்டா வைரஸ் வரும், 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கில் பரவியபோதுதான் அங்கே இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள், நுரையீரலைத் தாக்கும் அந்த நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பதில்லை. எச்சம் கலந்த தூசியைச் சுவாசித்தாலே போதும். அதனால் எலி இருக்கும் அறையில் பெருக்காதீர்கள், படுக்காதீர்கள், தரையில் பையை இழுக்காதீர்கள்.

பாம்பு பயமாக இருக்கிறதே?

கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது, அவ்வளவுதான். கிடக்கும் தகரத்தையும் பலகையையும் புரட்டாதீர்கள், அடியில் குளிர்ச்சி தேடிப் பாம்பு இருக்கும், தேள் இருக்கும். கிலுகிலுப்பைப் பாம்பு எப்போதும் சத்தம் கொடுத்து எச்சரிக்கும் என்று நம்பி நடக்க முடியாது, பல நேரம் அசையாமல் படுத்திருக்கும். கணுக்கால் மூடிய பூட்ஸ், ராத்திரியில் டார்ச். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக மருத்துவமனை.

எவ்வளவு நெருங்கலாம்?

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பொதுவான விதி 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர். ஆனால் மீட்டரைவிட விலங்கின் முகம்தான் சரியான கணக்கு. மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நீங்கள் அதிகம் வந்துவிட்டீர்கள். பல்லி சுவர் இடுக்கில் புகுந்து உடம்பை ஊதிக்கொண்டு சிக்கிக்கொண்டால், அமெரிக்கப் பாலைவனத்துச் சக்வாலா என்ற பெரிய பல்லி அப்படித்தான் செய்யும், அது உங்களைக் கண்டு பயந்திருக்கிறது என்று அர்த்தம், குச்சி போட்டு நோண்டாமல் விலகிப் போங்கள், பத்து இருபது நிமிடத்தில் தானே வரும்.

நெவாடா, கலிஃபோர்னியாப் பக்கத்து மொஹாவி பாலைவனத்தின் ஆமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990-லிருந்து அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மாதக்கணக்கில் மழையில்லாமல் தாக்குப்பிடிக்க அது நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து வைக்கிறது, நீங்கள் ஆசையாகத் தூக்கினால் பயத்தில் அத்தனையையும் கழித்துவிடும், அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும், அந்த ஒரு செயலே அதற்கு எமனாகலாம். வண்டியை நிழலென்று நினைத்து அடியில் வந்து படுத்திருக்கும், கிளப்புவதற்கு முன் குனிந்து பாருங்கள்.

சாப்பாடோ தண்ணீரோ வைத்து வரவழைக்கலாமா?

வேண்டாம். மொஹாவியில் மனிதர் போட்ட குப்பையையும் தண்ணீரையும் நம்பி அண்டங்காக்கைகள் பெருகின, அவை இளம் ஆமைகளை ஓடு கெட்டியாவதற்கு முன்பே கொத்தித் தின்கின்றன. நீங்கள் கழுதைக்கு நீட்டும் ஒரு ரொட்டித் துண்டும் அதை நெடுஞ்சாலைக்கு இழுத்துவரும், அங்கே லாரி வரும். ஆந்தைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு அழைப்பதும் இதே வகைதான்.

மணலிலிருந்து கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். மணல் பட்டால் துணியால் துடைக்காமல் முதலில் ஊதுகுழலால் ஊதித் தள்ளுங்கள், துடைத்தால் கீறல் விழும். நமீபியக் கடற்கரைப் பக்கம் கடல்மூட்டம் வரும், அதில் உப்பு உண்டு, இரவு திரும்பியதும் லேசாக ஈரத்துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள்.

ராத்திரியில் எடுக்கலாமா?

அனுமதி உள்ள இடமென்றால் தாராளமாக. குல்தாராவில் இருட்டிய பிறகு இருக்கவிட மாட்டார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள்கள் பச்சை நீலமாக ஒளிரும், சுவர் அடியில் அப்படி ஒன்றைப் பார்த்தால் வெகு நேரம் அங்கேயே நின்றுவிடுவீர்கள். ஆந்தைக் கண்ணில் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், வேட்டையாடும் நேரத்தில் அதன் பார்வையைக் கெடுப்பது நியாயமில்லை.

நினைவாக ஒரு பழைய பாட்டில், ஆணி எடுத்து வரலாமா?

எடுக்காதீர்கள். அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போடியில் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது. அங்கிருந்து எடுத்துப் போனவர்கள் அதற்கப்புறம் வீட்டில் ஒரே கஷ்டம் என்று மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியது உண்டு. சாபத்தை நம்பாவிட்டாலும், கவிழ்ந்து கிடக்கும் ஒரு தகர டப்பா ஏதோ ஒரு பூச்சிக்கோ பல்லிக்கோ வீடாக இருக்கும் என்பதை நம்பலாம்.

தண்ணீர், வண்டி?

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர், ஒரு நாள் கூடுதலாக. இரண்டு ஸ்டெப்னி எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பலகைகளில் இருந்த ஆணியெல்லாம் இப்போது பாதையில்தான் கிடக்கிறது. போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீர்கள், தேடி வருபவர் கண்ணில் ஆளைவிட வண்டிதான் முதலில் படும்.

படத்தைப் பகிரும்போது இடத்தைப் போடலாமா?

ஊர்ப் பெயரைப் போடலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்த வீட்டில் கூகை குஞ்சு பொரித்திருக்கிறது, எந்தச் சுவரடியில் நரிக்குட்டிகள் இருக்கின்றன என்று போடாதீர்கள், படத்தோடு சேர்ந்து வரும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள். குஞ்சுகள் பறந்து போன பிறகு, அடுத்த பருவத்தில் அந்தக் கதையைச் சொல்ல நிறைய நேரம் இருக்கிறது.